கேளுங்க சிஸ்டர்: எல்லாருக்கும் 20ன்னு எழுதுற கை

தடைக்காலம் ஜூன் 14ஓட முடிஞ்சு படகெல்லாம் இறங்கிருச்சு, நம்ம பக்கத்து கேஷுவாலிட்டிலயும் முள்ளு குத்துன காலு, கயிறு அறுத்த கைன்னு வர ஆரம்பிச்சிருச்சு. நர்சிங் பிள்ளைங்களுக்கு போஸ்டிங்கும் ஓடுது போல, இந்த மாசம் வந்த கேள்வில முக்காவாசி அவங்களோடது. ஊர் பேரை மட்டும் போட்டிருக்கேன். காலேஜ் பேரு, ஆஸ்பத்திரி பேரெல்லாம் எழுதி அனுப்புனவங்க பயப்படாதீங்க, அடிச்சிட்டேன்.

கேள்வி: சிஸ்டர், பிஎஸ்சி நர்சிங் ரெண்டாவது செமஸ்டர் படிக்கிறேன். போஸ்டிங் போனா பெட் போடுறது, ஸ்பாஞ்ச் பாத், வாய் கழுவி விடுறது, திருப்பிப் படுக்க வைக்கிறது, இதுதான். ஊசி தொடவே விட மாட்டேங்கிறாங்க. இதெல்லாம் எங்க அம்மாவே வீட்ல அப்பத்தாவுக்கு பண்றாங்க. இதுக்கு எதுக்கு 4 வருஷம்?
— மாணவி, உச்சிப்புளி

பதில்: உங்க அம்மாகிட்டயே கேட்டுப் பாருங்கம்மா, அப்பத்தாவுக்கு முடியலன்னு டாக்டருக்கு முன்னாடி யாருக்குத் தெரிஞ்சுதுன்னு. தெனம் தொட்டுத் தொடைக்கிற கைக்குத்தான் மொதல்ல தெரியும். அந்தக் கைக்கு என்ன தெரிஞ்சுதுன்னு பேரு சொல்லி, அளந்து, எழுதி, சரியான ஆள்கிட்ட சரியான நேரத்துல சொல்லத்தான் 4 வருஷம்.

ஒண்ணு சொல்றேன். நான் டியூட்டரா இருந்தப்ப பெண்கள் மெடிக்கல் வார்டுல ஒரு பாட்டி, மண்டபம் பக்கம் பாசி எடுக்கிற ஊரு, ஆயுசு பூரா கடலுக்குள்ள முங்கி பாறையில பாசி பிச்ச உடம்பு, விரல்ல துணி சுத்திச் சுத்தி தோலே மரத்துப் போயிருந்துச்சு. பக்கவாதம், எடது பக்கம் வரல, வந்து அஞ்சாவது நாள். உங்கள மாதிரியே ஒரு பிள்ளை, மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டு ஸ்பாஞ்ச் பாத் குடுக்குது, நான் ஸ்கிரீனுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். முகம், கை, நெஞ்சு எல்லாம் முடிச்சு காலுக்கு வந்துச்சு. பாட்டியோட மக தைலத்த எடுத்துக் குடுத்து "கால் வீங்கியிருக்கு பாப்பா, நல்லா அமுக்கித் தேச்சு விடு"ங்குது. பிள்ளையும் உள்ளங்கையில தைலத்த ஊத்திருச்சு. ஊத்துன கை அப்படியே நின்னுச்சு. என்னைக் கூப்பிட்டு, "மேடம், வீக்கம்னா ரெண்டு கால்லயும்தான இருக்கணும், இது எடது கெண்டைக்கால் மட்டும் இருக்கு, சூடாவும் இருக்கு"ன்னுச்சு.

டேப் எடுத்து முட்டிக்குக் கீழ எலும்பு மேடு இருக்கும்ல, அதுல இருந்து 10 செ.மீ. கீழ ரெண்டு காலையும் அளந்தோம். 4 செ.மீ. வித்தியாசம். 3 செ.மீ.க்கு மேல போச்சுன்னாலே ரத்தக் கட்டிய சந்தேகப்படணும், அதுவும் அசையாமக் கெடக்கிற காலு. அமுக்கித் தேச்சா கட்டி நழுவி நுரையீரலுக்குப் போற ஆபத்து இருக்கு. தைலத்தத் தொடைச்சிட்டு, காலை ஆட்டாம வச்சு, டாக்டர்கிட்ட சொன்னோம், டாப்ளர் ஸ்கேன் எடுத்தாங்க, கட்டிதான். இதைக் கண்டுபிடிச்சது மெஷின் இல்ல, வெந்நித் துணியோட கால தொட்ட ஒரு ரெண்டாவது செமஸ்டர் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு அப்ப ஊசி போடத் தெரியாது.

அதே பாட்டிக்கு குதிங்கால்லயும் ஒரு தடம் இருந்துச்சு, அதை அந்தப் பிள்ளை விட்ருச்சு, நான்தான் பாத்தேன். பொஸ்தகத்துல "சிவந்து இருக்கும்"னு போட்டிருக்கும், பாட்டியோ கடல் வெயில்ல கருத்த உடம்பு, செவப்பு எங்க தெரியும்? சுத்தியிருக்கிற தோல விட இன்னும் கருப்பா, இல்ல ஊதாவாத் தெரியும். விரலால அமுக்கி எடுத்தா நெறம் மாறாது, புறங்கையை வச்சா மத்த குதிங்கால விட சூடா இருக்கும், இல்ல சில்லுன்னு இருக்கும், அமுக்குனா கல்லு மாதிரியோ கொழகொழன்னோ இருக்கும். படுக்கைப் புண்ணோட மொதப் படி அது. வீட்டு ஆளுங்க பாசத்துல துணிய பிரிமணை மாதிரி சுத்தி குதிங்காலுக்கு அடியில வச்சிருந்தாங்க, அது வேண்டாம், வளையத்தோட ஓரத்துல அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் இன்னும் கொறையும். கெண்டைக்கால் நீளத்துக்கு தலையணை வச்சு குதிங்கால் எதையும் தொடாம அந்தரத்துல நிக்கிற மாதிரி விடணும், 2 மணி நேரத்துக்கு ஒருக்கா 30 டிகிரி சாய்ச்சுத் திருப்பணும், அந்தத் தடத்தத் தேய்க்கவே கூடாது. படுக்கைப் புண்ணு வர்ற ஆபத்த அளக்க 1987ல வந்த பிரேடன் ஸ்கேல் உங்களுக்கு பாடத்துல இருக்கும், 6 தலைப்பு, மொத்தம் 6ல இருந்து 23 வரைக்கும் மார்க், 18ம் அதுக்குக் கீழயும் ஆபத்து. பரிச்சைக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, நாளைக்கு வார்டுல ஒரு ஆளுக்குப் போட்டுப் பாருங்க.

கேள்வி: ஜிஎன்எம் ரெண்டாம் வருஷம். எங்க வார்டுல எந்த சார்ட்டப் பாத்தாலும் ரெஸ்பிரேஷன் (நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு) 20, இல்லன்னா 18. நான் ஒரு நிமிஷம் முழுசா எண்ணிக்கிட்டு நின்னா "என்ன பாப்பா, படம் பாக்கிறியா"ன்னு கிண்டல் பண்றாங்க. கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் (நோயாளியப் பாத்து நெலமையக் கணிக்கிறது) எல்லாம் அனுபவத்துல தானா வரும்னு சீனியர் அக்கா சொல்றாங்க. நெசமா?
— மாணவி, தங்கச்சிமடம்

பதில்: அந்த 20ஐ நானும் எழுதியிருக்கேன், வருஷக்கணக்கா. அதனால உங்க அக்காவத் திட்டுற யோக்கியதை எனக்கு இல்ல, ஆனா கத சொல்ற யோக்கியதை இருக்கு.

வேலைக்குச் சேந்து நாலஞ்சு வருஷம் ஆன சமயம். ஊரும் ஆஸ்பத்திரியும் வேண்டாம். கடலுக்குப் போற ஆளு, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், வலையில இருந்து மீனப் பிரிக்கிறப்ப பாதத்துல திருக்கை முள்ளு குத்தி ரெண்டாம் நாள் அட்மிட் ஆனாரு. குடிப்பழக்கம், ஈரல் கெட்டு ஒருக்கா வயிறு வீங்கி வந்து போனவருன்னு பழைய சீட்டுலயே இருந்துச்சு. காயம் பாத்தா மொளகு அளவு. மனுஷன் போட்ட சத்தத்துல வார்டே முழிச்சுக்கிச்சு. "இத்தனூண்டு காயத்துக்கு ஆம்பள இப்படிக் கத்தலாமா"ன்னு சொன்னது வேற யாருமில்ல, நான்தான். டெம்பரேச்சர் 99.4, பல்ஸ் 112, பிபி 110/70. ரெஸ்பிரேஷன் 20ன்னு எழுதுனேன். எண்ணல. வலில பல்ஸ் ஏறியிருக்குன்னு நானே ஒரு காரணத்தையும் வச்சுக்கிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன். ராத்திரி 2 மணிக்கு அவரு சம்சாரம் வந்து "தங்கச்சி, என்னமோ பெனாத்துறாரு"ன்னு கூப்பிட்டுச்சு. கணுக்கால் வரைக்கும் கருநீலமா ரத்தம் கோத்த கொப்புளம், பிபி 80. மதுரைக்கு அனுப்புனாங்க. உயிர் தப்பிச்சுது, முட்டிக்குக் கீழ காலு போயிருச்சு.

கடல் தண்ணில விப்ரியோன்னு ஒரு வகைக் கிருமி இருக்கு, அதுல வல்னிஃபிகஸ்ங்கிறது ஈரல் கெட்டவங்க, சுகர்காரங்க ஒடம்புல பூந்துச்சுன்னா மணிக்கணக்குல சதையத் திங்கும். காயத்த மீறுன வலிதான் மொத அடையாளம், கொப்புளம் எல்லாம் அப்புறந்தான் வரும். எல்லாமே என் கண்ணு முன்னாடி இருந்துச்சு: கடல் காயம், ஈரல், அளவு மீறுன வலி, 112 பல்ஸ். நாலையும் ஒண்ணாச் சேக்கல. ரெஸ்பிரேஷன எண்ணியிருந்தா என்ன வந்திருக்கும்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது, அதுதான் உறுத்துது.

இங்கிலாந்துல 2017ல இருந்து, நோயாளி மோசமாகுறத சீக்கிரமே பிடிக்க நியூஸ்-2ன்னு ஒரு மார்க் முறை ஓடுது, அதுல மூச்சு 12ல இருந்து 20 வரைக்கும் பூஜ்யம், 21ல இருந்து 24க்கு 2 மார்க், 25ம் அதுக்கு மேலயும் 3. ஒரே ஒரு கணக்குல 3 வந்தாலே ஆளக் கூப்பிட்டுக் காட்டணும், மொத்தம் 5 வந்தா அவசரம், 7 வந்தா எமர்ஜென்சி. அதாவது 20க்கும் 25க்கும் நடுவுல இருக்கிற அந்த அஞ்சு மூச்சுலதான் ஒரு ஆளு ஐசியூ போறதும் போகாததும் இருக்கு. பிபி எறங்குறதுக்கு பல மணி நேரம் முன்னாடியே மூச்சு ஏறிரும். சார்ட்ல இருக்கிறதுலயே ரொம்ப சீக்கிரம் பேசுறது அதுதான், ரொம்பப் பொய் எழுதப்படுறதும் அதுதான்.

எண்ணுற முறை இது. பல்ஸ் எண்ணி முடிச்சாலும் மணிக்கட்ட விடாதீங்க, பிடிச்ச கைய அப்படியே அவங்க நெஞ்சு மேல வச்சுக்கிட்டு 60 செகண்ட் எண்ணுங்க. "மூச்சு எண்ணப் போறேன்"னு சொன்னீங்கன்னா மூச்ச மாத்தி விடுவாங்க. எண்ணுறப்பவே பேச்சு ஒரு வரி முழுசா வருதா, கழுத்துச் சதை இழுக்குதா, மூக்கு விரியுதான்னும் பாத்துக்கங்க. விரல்ல மாட்டுற ஆக்சிஜன் கிளிப் 97 காட்டுதேன்னு மூச்ச விட்றாதீங்க, மூச்சு ஏறுறதாலதான் அந்த 97 நிக்குதுன்னும் இருக்கலாம்.

அனுபவத்துல தானா வருமான்னு கேட்டீங்கள்ல. வராது. 20 வருஷம் 20ன்னு எழுதுனா 20ன்னு எழுதுற அனுபவம்தான் வரும். கிறிஸ்டின் டானர்னு ஒரு அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 2006ல இதை நாலாப் பிரிச்சாங்க: கண்ணுல படுறது, அதுக்கு என்ன அர்த்தம்னு பிடிக்கிறது, அதுக்குத் தகுந்தத செய்யிறது, செஞ்சப்பறம் திரும்ப யோசிக்கிறது. எனக்கு மொத ரெண்டுமே இல்லாமப் போச்சு அன்னைக்கி. கிண்டல் பண்ணட்டும், நீங்க எண்ணுங்க.

இன்னொண்ணு, திருக்கை முள்ளுக்கு முதலுதவி கேட்டு ரெண்டு பேர் தனியா எழுதியிருந்தீங்க: தாங்குற அளவு சுடுதண்ணி, 45 டிகிரிக்கு மேல போகாம, அரை மணில இருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் பாதத்த முக்கி வைங்க, சூட்ட நல்ல கால்ல வச்சுப் பாத்துட்டு. வலி கொறையும். ஆனா முள்ளு ஒடைஞ்சு உள்ள இருக்கலாம், டிடி ஊசியும் வேணும், அதனால ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகணும். நெஞ்சுலயோ வயித்துலயோ குத்தி முள்ளு நிக்குதுன்னா உருவாதீங்க.

கேள்வி: நைட் போஸ்டிங்ல ஒரு பேஷண்ட் சரியில்லைன்னு தோணுச்சு, ஸ்டாஃப் சிஸ்டர்கிட்ட சொன்னேன், அவங்க டியூட்டி டாக்டருக்கு போன் போட்டு "ஒரு மாதிரி இருக்காரு சார்"னு சொன்னதும் அவரு கத்திட்டு வச்சுட்டாரு. அப்புறம் எனக்குத்தான் திட்டு. எப்படித்தான் சொல்றது?
— மாணவி, கீழக்கரை

பதில்: "ஒரு மாதிரி"ன்னு தோணுனது தப்பில்ல, நல்ல நர்ஸுக்கு மொதல்ல அப்படித்தான் தோணும். ஆனா போன்ல அதை மட்டும் சொன்னா தூக்கத்துல இருக்கிற மனுஷன் கத்தத்தான் செய்வாரு, கத்துறது நியாயம்னு சொல்லல. எஸ்பார்னு ஒரு முறை இருக்கு, அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்ல சேதி சொல்றதுக்கு வச்சிருந்தது, பின்னாடி ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. இப்ப என்ன நடக்குது, ஆளு யாரு, நான் என்ன நெனைக்கிறேன், எனக்கு என்ன வேணும், அவ்வளவுதான்.

இப்படிச் சொல்லிப் பாருங்க: "சார், ஆண்கள் சர்ஜிக்கல் வார்டு, 7ஆம் பெட். பிபி 96/60, பல்ஸ் 118, மூச்சு 24. நேத்து வயித்துல ஆபரேஷன் ஆனவரு, 60 கிலோ, சாயங்காலம் பிபி 128/80 இருந்துச்சு. கடைசி 4 மணி நேரத்துல யூரின் 80 மில்லிதான், டியூப் மடங்கல, பாத்துட்டேன். வயிறு சாயங்காலத்த விட இறுக்கமா இருக்கு. உள்ள ரத்தம் கசியுதோன்னு பயமா இருக்கு சார். நீங்க இப்ப வந்து பாக்கணும், வர்ற வரைக்கும் டிரிப்ஸ் ஏத்தவா, எவ்வளவு?" அரை நிமிஷம் கூட ஆகாது. இதுல கத்துறதுக்கு எங்கயும் எடம் இல்ல பாருங்க. யூரின் கணக்கு மனசுல இருக்கட்டும், கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி, 60 கிலோன்னா 30, நாலு மணி நேரத்துக்கு 120 வந்திருக்கணும். "யூரின் கம்மி"ங்கிறதுக்கும் "120 வரவேண்டிய எடத்துல 80"ங்கிறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்! டாக்டர் சொல்ற ஆர்டரத் திருப்பி வாசிச்சுக் காட்டிட்டு போன வைங்க.

நீங்க ஸ்டூடண்ட், நேரா டாக்டருக்குப் போன் போடாதீங்க, ஸ்டாஃப்கிட்ட இதே நாலு வரியாச் சொல்லுங்க. அவங்க கேக்கலன்னா இன்சார்ஜ், அவங்களும் கேக்கலன்னா உங்க டியூட்டர். எத்தனை மணிக்கு யார்கிட்ட சொன்னீங்கன்னு எழுதி வச்சுக்கங்க. திட்டு வாங்குனது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா அந்த பேஷண்ட் என்ன ஆனாருன்னு நீங்க எழுதவே இல்லையேம்மா.

கேள்வி: நோன்பு மாசத்துல நடந்தது. சாயங்காலம் 5 மணிக்கு சுகர் பேஷண்ட் ஒருத்தர், எங்க வாப்பா வயசு, வேர்த்துக் கொட்டி கை நடுங்குது, சுகர் 58. சர்க்கரைத் தண்ணி குடுத்தா "இன்னும் ஒன்றரை மணி நேரம்தான், நோன்ப முறிக்க மாட்டேன்"ங்கிறாரு. நானும் நோன்பு, என்ன சொல்றதுன்னு தெரியல.
— மாணவி, பெரியபட்டினம்

பதில்: நீங்களும் நோன்புன்னு அவர்கிட்ட சொன்னீங்களா? சொல்லியிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும். நோயாளிக்கு நோன்புல சலுகை உண்டு, விட்டத பிறகு நோத்துக்கலாம்ங்கிறது அவருக்கும் தெரியும், தெரிஞ்சவரு வாயால அதைச் சொல்ல வைக்கணும், நாம பிரசங்கம் பண்ணக் கூடாது. மகனையோ பள்ளிவாசல் ஹஜ்ரத்தையோ போன்ல பிடிச்சுக் குடுத்தாலும் சரி. ஆனா இதெல்லாம் ரெண்டு நிமிஷத்துக்குள்ள நடக்கணும். 70க்குக் கீழ போனா நோன்பத் தொறக்கணும்ங்கிறதுதான் மருத்துவக் கணக்கு, 58ல ஒன்றரை மணி நேரம் காத்திருக்க முடியாது, இன்னும் எறங்கி நினைவு தப்பிட்டா அப்புறம் வாயில எதுவும் ஊத்த முடியாது, புரையேறிரும், குளுக்கோஸ் ஊசிதான்.

ஒத்துக்கிட்டா 3 டீஸ்பூன் சர்க்கரையக் கரைச்சுக் குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப சுகர் பாருங்க, 70 தாண்டலன்னா இன்னொருக்கா. தாண்டுனதும் கஞ்சியோ இட்லியோ சாப்பாடு. இங்கதான் நெறைய பேர் கோட்ட விடுறது: அவரு என்ன மாத்திர போடுறாருன்னு பாருங்க. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைன்னா ஏறுன சுகர் மறுபடி மறுபடி எறங்கும், ராத்திரி பூரா பாக்கணும், "சரியாயிருச்சு"ன்னு எழுதிட்டுப் போயிராதீங்க. பிரஷருக்கு அட்டெனலால் மாதிரி போடுறவங்களுக்கு நடுக்கம், படபடப்பே தெரியாது, வேர்வை மட்டும்தான் காட்டிக் குடுக்கும். விரல்ல குத்தி சுகர் பாக்கிறதால நோன்பு முறியாதுங்கறதையும் வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க, அதுக்குப் பயந்தே கைய நீட்டாதவங்க இருக்காங்க.

கேள்வி: ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியா வயித்துக்குப் போற குழாய்) போட்டதும் சிரிஞ்சால காத்த அடிச்சு ஸ்டெத் வச்சுக் கேக்கச் சொல்றாங்க வார்டுல. காலேஜ்ல அது போதாதுங்கறாங்க. யாரு சொல்றத கேக்க?
— மாணவன், சாயல்குடி

பதில்: காலேஜ். டியூப் நுரையீரல்ல இருந்தாலும் அந்தக் 'குபுக்' சத்தம் வயித்துல கேக்கும், நானே ஏமாந்திருக்கேன். உள்ள இருந்து கொஞ்சம் உறிஞ்சி பிஎச் பேப்பர்ல வச்சுப் பாருங்க, 5.5ம் அதுக்குக் கீழயும்னா வயிறு. அமிலத்துக்கு மாத்திர போடுறவங்களுக்கு அது ஏமாத்தும், வரலன்னாலோ சந்தேகம்னாலோ எக்ஸ்ரேதான். பேப்பர் இல்லன்னு வார்டுல சொல்லுவாங்க, இண்டென்ட் (ஸ்டோர்ல கேட்டு எழுதுற சீட்டு) போடச் சொல்லுங்க. மூக்கு ஓரத்துல எத்தனை செ.மீ.ல நிக்குதுன்னு எழுதி வச்சு, ஒவ்வொரு ஃபீடுக்கு முன்னாடியும் அதைப் பாருங்க. தலைமாட்ட 30ல இருந்து 45 டிகிரி தூக்கி வச்சுக் குடுங்க, குடுத்துட்டு ஒரு மணி நேரமாவது எறக்காதீங்க. வார்டுல சண்ட போடாதீங்க தம்பி, காத்தையும் அடிங்க, ஆனா அத நம்பாதீங்க.

கேள்வி: எங்க பெரியப்பா வலையில வந்த பாம்பு கைல லேசா பட்டுச்சுன்னாரு, வலியும் இல்ல வீக்கமும் இல்ல, கழுவிட்டு கஞ்சி குடிச்சிட்டுப் படுத்துட்டாரு. நான்தான் அடம்பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒண்ணும் ஆகல, இப்ப வீட்ல எல்லாரும் கேலி. நான் பண்ணது அதிகப்படியா?
— ஏஎன்எம் மாணவி, பாம்பன்

பதில்: இல்லவே இல்ல புள்ள. கடல் பாம்பு பல தடவை விஷம் ஏத்தாமலே கடிச்சிட்டுப் போகும், உங்க பெரியப்பாவுக்கு அந்த யோகம். ஆனா ஏத்துன கடியும் மொதல்ல அப்படித்தான், வலிக்காது, வீங்காது, ரெண்டு முள்ளு குத்துன மாதிரி தடம். அரை மணிலயோ சில மணி நேரத்துலயோ ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி, கழுத்து விறைக்கும், வாயத் தொறக்க முடியாது, நாக்கு தடிக்கும், கண்ணு இமை எறங்கும், அப்புறம் யூரின் கடுங்காப்பி நெறத்துல வரும். சதை கரைஞ்சு கிட்னிக்குப் போகுதுன்னு அர்த்தம். நம்ம ஊர்ல இருக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலு தரைப்பாம்புக்கு செஞ்சது, கடல் பாம்புக்கு இல்ல. அதனால மூச்சையும் கிட்னியையும் காப்பாத்துறதுதான் வைத்தியம், அதுல பாதி நர்ஸ் கண்ணுதான்: மணிக்கு ஒருக்கா யூரின் நெறமும் அளவும், இமை, மூச்சு எண்ணிக்கை, ஒரே மூச்சுல எத்தனை வரைக்கும் எண்ண முடியுதுன்னு ஒவ்வொரு தடவையும் எழுதுறது. மொதல்ல 25 எண்ணுனவரு ரெண்டு மணி நேரத்துல 14ல நின்னா ஓடிப்போய்ச் சொல்லணும். கயித்தால இறுக்கிக் கட்டுறது, கீறி விடுறது எதுவும் வேண்டாம், கைய ஆட்டாம வச்சுத் தூக்கிட்டு வாங்க. கேலி பண்றவங்ககிட்ட அடுத்த தடவையும் இதேதான் செய்வேன்னு சொல்லிருங்க.

கேள்வி: மகளுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு. சொந்தக்காரங்க "பெத்த பிள்ளைய அடுத்தவன் பீ மூத்திரம் அள்ள விடப் போறீகளா"ங்கிறாக. மனசு ஒரு நிலையில இல்ல.
— ஒரு தகப்பன், மூக்கையூர்

பதில்: ஆமாண்ணே, அள்ளும். அள்ளுறப்ப பீயோட நெறம் தார் மாதிரி கருப்பா இருந்தா கொடல்ல ரத்தம் கசியுதுன்னு உங்க மக சொல்லும், அப்படி ஒரு சொல்லுல ஒரு உயிர் நிக்கும். அந்தச் சொந்தக்காரவுக படுக்கையில விழுந்தா யாரைத் தேடுவாகன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சேத்து விடுங்க. ஒண்ணு மட்டும், காலேஜுக்கு இந்தியன் நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு கவுன்சில் அங்கீகாரம் ரெண்டும் இந்த வருஷத்துக்கு இருக்கான்னு பாத்துட்டு பணம் கட்டுங்க.

கேள்வி: ஆம்பளப் பையன் நான், பெண்கள் வார்டுல கிட்டப் போனாலே போர்வைய இழுத்து மூடிக்கிறாங்க.
— மாணவன், தொண்டி

பதில்: மூடிக்கட்டும், அது அவங்க உரிமை. பேரச் சொல்லி, என்ன செய்யப் போறேன்னு சொல்லி, செய்யலாமான்னு கேளுங்க. வேண்டாம்னா சிரிச்சிட்டு தோழியக் கூப்பிடுங்க. பிபி பாக்கிறதுக்கு முழங்கைக்கு மேல மட்டும் தொறந்தாப் போதும், மத்ததெல்லாம் மூடியே இருக்கட்டும். அதைப் பாத்த பக்கத்து பெட் அம்மா அடுத்த நாள் "தம்பி, எனக்கும் பாரு"ன்னு கைய நீட்டும்.

கேள்வி: 500 மில்லி டிரிப்ஸ் 4 மணி நேரத்துல போகணும், எத்தனை சொட்டு? எனக்கு மட்டும் கணக்கு வர மாட்டேங்குது.
— மாணவி, தேவிபட்டினம்

பதில்: உறையில 1 மில்லிக்கு 20 சொட்டுன்னு போட்டிருந்தா, 500ஐ 20ஆல பெருக்கி 240 நிமிஷத்தால வகுங்க, நிமிஷத்துக்கு 42. சில செட்டு 15 சொட்டு, குழந்தைங்க செட்டு 60, அதனால உறையப் பாக்காம கணக்குப் போடாதீங்க. கணக்கு சரியாப் போட்டாலும் பேஷண்ட் கைய மடக்குனா சொட்டு மாறும், அரை மணிக்கு ஒருக்கா எட்டிப் பாருங்க. எனக்கும்தான் கணக்கு வராது, துண்டு பேப்பர்ல எழுதித்தான் போடுவேன்.

கேள்வி: போஸ்டிங்குக்கு என்ன வாட்ச் வாங்கலாம் சிஸ்டர்? எல்லாரும் ஸ்மார்ட் வாட்ச் கட்டுறாங்க.
— மாணவி, மண்டபம்

பதில்: கைல எதுவும் கட்டாதீங்க, வாட்ச், வளையல், கயிறு எல்லாத்துலயும் கிருமி ஒட்டும், மணிக்கட்டு வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவவும் முடியாது. சட்டையில குத்துற வாட்ச் கெடைக்கும், ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் வாட்ச் கடைங்கள்ல கேட்டுப் பாருங்க. வெல கம்மியானதே போதும். செகண்ட் முள்ளு இருக்கணும், ராத்திரி வார்டுல லைட்ட கொறைச்சு வச்சிருப்பாங்க, அப்பவும் அது தெளிவாத் தெரியணும்.